பெண்களுக்கு ரத்தம் நிற்காத நோய் வருமா?

கருப்பும் செம்பட்டையும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக நிறம் கொண்ட பூனை, தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் மீன் கடை ஓரங்களில் கண்ணில் படும். அதைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. பெட்டைதான். இந்த நிறத்தில் ஆயிரத்தில் ஒன்றுகூடக் கடுவன் இருக்காது.

இந்தப் பூனைக்கும் நம் வீட்டுப் பெண்களின் ரத்தத்துக்கும் சம்பந்தம் உண்டு!

ஹீமோபிலியா என்பது ரத்தம் சரியாக உறையாத நோய். ஆண்களுக்கே வரும், பெண்கள் அதைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், அவ்வளவுதான் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2025 ஏப்ரல் 17, உலக ஹீமோபிலியா தினத்தில், "பெண்களுக்கும் ரத்தக்கசிவு உண்டு" என்பதையே முழக்கமாக வைத்தார்கள். ஏன்?

தூங்கும் எக்ஸ்

நம் உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் குரோமோசோம் என்ற மெல்லிய இழைகள் இருக்கின்றன. அவற்றில் 'எக்ஸ்' என்பது ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தந்தை கொடுத்தது. இரண்டும் முழுதாக வேலை செய்தால் அளவு மிஞ்சிவிடும். ஆகவே, கருவிலேயே ஒவ்வொரு அணுவிலும் ஒரு எக்ஸ் தூங்கிவிடுகிறது. எது தூங்கும்? குலுக்கல் சீட்டுப் போலத்தான்!

பூனையின் செம்பட்டை நிறம் எக்ஸில் இருக்கிறது. செம்பட்டை எக்ஸ் விழித்திருக்கும் இடம் செம்பட்டை. அது தூங்கும் இடம் கருப்பு. (வெள்ளை வேறு கணக்கு.) 1961-ல் எலிகளின் ரோமத்தை ஆராய்ந்து இந்த ரகசியத்தைச் சொன்னவர் ஒரு பெண்மணி: இங்கிலாந்தின் மேரி லயன்.

ரத்தத்தை உறைய வைக்கும் பொருளுக்கான குறிப்பும் எக்ஸில்தான் இருக்கிறது. ஆணுக்கு இருக்கும் ஒரே எக்ஸ் பழுதானால் நோய் நிச்சயம். பெண்ணுக்கு ஒன்று பழுது, ஒன்று நல்லது என்றால் பாதி அளவாவது கிடைக்கும். ஆனால் குலுக்கலில் நல்ல எக்ஸே அதிக அணுக்களில் தூங்கிவிட்டால்? உறைய வைக்கும் பொருள் குறைந்துவிடும். அளவு 100-க்கு 40-க்கும் கீழே போனால் அந்தப் பெண்ணும் நோயாளியே என்று 2021-ல் உலக மருத்துவ நிபுணர்கள் வரையறுத்தார்கள்.

மாதவிலக்கில் நாள் கணக்காக அதிகப் போக்கு, பல் பிடுங்கினால் நிற்காத ரத்தம், பிரசவத்தில் ஆபத்து. "பெண் என்றால் அப்படித்தான்" என்று வீட்டில் சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். அது பெரிய தப்பு.

தந்தைக்கு ஹீமோபிலியா இருந்தால் எல்லா மகள்களும் பழுதான எக்ஸைச் சுமப்பார்கள். சகோதரனுக்கோ தாய்மாமனுக்கோ இருந்தால் சுமக்க வாய்ப்புண்டு. இவர்கள் கல்யாணத்துக்கு முன்பே, பிரசவத்துக்கு வெகு முன்பே, ரத்தம் உறையும் அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ரத்த நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.