கதவு எண் என்ன?

தியாகராயர் பெயர் தாங்கிய நகரிலே பகலெல்லாம் பட்டுக்கும் பொன்னுக்கும் பேரம் நடக்கிறது. இரவு முற்றி, கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியதும், அதே கடைகளின் படிக்கட்டு பலருக்குப் படுக்கையாகிறது. மயிலையின் மாட வீதிகளிலே தேர் அசைந்து வருகிறது. வலம் முடிந்ததும் நிலைக்குத் திரும்புகிறது. மரத்தேருக்கு ஒரு நிலை உண்டு. அந்த வீதியோரத்தில் துண்டை விரித்துத் துயிலும் மனிதனுக்கு நிலை இல்லை!

யார் இவர்கள்? ‘அநாதைகள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது ஊர். இல்லை, தோழர்களே! இவர்களிலே பலருக்கு அண்ணன் உண்டு, தம்பி உண்டு, பெற்ற பிள்ளையும் உண்டு. உறவு இருக்கிறது, உறவின் வீட்டிலே இடம் இல்லை. சாதியை மீறி மணந்ததற்காகத் துரத்தப்பட்டவன், கணவனின் அடி பொறாது வெளியேறியவள், திருநங்கை என்று அறிந்ததும் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டவர், மனநோய் வந்ததும் மறக்கப்பட்டவர், சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையையும் இழந்த முதியவர்—இவர்களன்றோ அந்த ‘அநாதைகள்’!

‘தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்’ என்பது பழமொழி. சதை ஆடாதபோது என் செய்வது? சட்டம் ஒரு வழி சொல்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. கைவிட்ட பிள்ளையிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர, கோட்டாட்சியர் தலைமையிலே தீர்ப்பாயம் உண்டு. முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறையும் உண்டு. நல்ல சட்டந்தான். ஆனால் சட்டம் பணத்தைப் பெற்றுத் தரும். பாசத்தைப் பெற்றுத் தருமா? அடித்த வீட்டுக்கே அவளைத் திருப்பி அனுப்புவது தீர்வாகுமா? ‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்று கைகழுவுகிறவர்கள், குடும்பமே கைகழுவியவர்களுக்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

விடை சொன்னவர் ஒருவர் இந்தச் சென்னையிலே வாழ்ந்தார். 1927-இல் சட்டமன்றத்திலே பெண் குரலாக ஒலித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அந்த வாழ்வை வெறுத்து, பிறந்த இடத்தை விட்டு வந்த இளம்பெண்கள் அவரிடம் அடைக்கலம் தேடினர். நகரத்து விடுதிகளோ அவர்களை ஏற்க மறுத்தன. ‘எந்தக் குலம்? யார் மகள்?’ என்பதே அன்றைய வாசற்படியின் கேள்வி. அந்த அம்மையார் கேள்வி கேட்கவில்லை, கதவைத் திறந்தார். 1930-களின் தொடக்கத்திலே பிறந்த அவ்வை இல்லம், பின்னர் அடையாற்றிலே வேரூன்றியது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதோ 1947-இல்! சட்டம் வரும் வரை கதவு காத்திருக்கவில்லை.

ஒரு பெண்மணியின் வீடு அன்று செய்ததை, ஓர் அரசு இன்று செய்ய வேண்டாமா? ‘1 லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் காப்பகம்’ என்பதே 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் நடந்த வழக்கிலே வகுக்கப்பட்ட அளவு; 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அதையே விதியாக்கியது. 2011 கணக்கெடுப்பிலே சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46 லட்சத்துக்கு மேல். அந்தப் பழைய கணக்குக்கே 4,600 பேருக்கு இடம் வேண்டும்! இது இரக்கத்தின் பிச்சை அன்று, உரிமையின் கணக்கு.

கூரைக்கு அடுத்தது அடையாளம். அரிசி வாங்கத் தேவைப்படும் அட்டைக்குப் பெயரே ‘குடும்ப அட்டை’. குடும்பத்தை இழந்தவனுக்கு அது எப்படிக் கிட்டும்? பழைய அட்டையிலே பெயர் நீக்கினால்தான் புதிய அட்டை. நீக்கித் தர வேண்டியவர்களோ, அவனையே நீக்கிவிட்டவர்கள்! நாடகமாக எழுதினால் காட்சி இப்படித்தான் அமையும்:

“முகவரி?”

“கடைப் படிக்கட்டு, ஐயா.”

“கதவு எண் என்ன?”

“கதவு இருந்தால் எண்ணும் இருக்குமே, ஐயா!”

சிரிப்பதற்கல்ல, சிந்திப்பதற்கு இந்தக் காட்சி. கதவு எண் கேட்காத ஓர் இடமும் இந்த நாட்டிலே உண்டு. அது வாக்காளர் பட்டியல். வீடற்றவரும் படிவம் 6 கொடுக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஓரிரவுக்கு மேல் சென்று, அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று கண்டறிந்தால் போதும். முகவரிச் சான்று வேண்டியதில்லை. இது தேர்தல் ஆணையத்தின் விதி. ஆயினும் விதி தானாக நடந்து படிக்கட்டுக்கு வராது. அழைத்துவர ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? நாம்தான்! வீடு வீடாகச் சென்று வாக்கு கேட்கத் தெரிந்த நமக்கு, வீடு இல்லாதவரிடம் செல்லத் தெரியாதா? வட்டத்துக்கு இரண்டு தோழர்கள், கையிலே படிவம், வாரத்தில் ஓரிரவு. பெயரைக் கேளுங்கள், படிவத்தை நிரப்புங்கள், அலுவலரை அழைத்து வாருங்கள். வட்டத்திலே காப்பகம் இல்லையேல் மாமன்ற உறுப்பினரிடம் காரணம் கேளுங்கள். அவர் நம்மவராயின் இருமுறை கேளுங்கள்!

வாக்கில்லாதவனின் பசியைப் பட்டியலிலே தேடுவார் இல்லை. வாக்கு வந்தால் வாசல் தேடி வருவார்கள். வாசலே இல்லையே என்பதை அன்றாவது காண்பார்கள். காணச் செய்வோம்!