நோய்க்காலமும் மாணாக்கர் தேகாப்பியாசமும்

நமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் இலக்கியங் கற்பிக்கப் புகுவோனுக்கு முதலிற் கண்ணிற் படுவது மாணாக்கனின் முகமும் உடலுமேயாம். உடல் சோர்ந்திருப்பின் அவன் செவியிற் கம்பனும் நுழையான். ஆதலின் ஒரு கருத்தை இம்மலரில் முன்வைக்க விரும்புகின்றேன். நோய்க்காலத்திற் பாடசாலை மூடப்படலாம். பிள்ளைகளின் ஓட்டமும் ஆட்டமும் மூடப்படலாகா. அதற்கான ஒழுங்கைப் பாடசாலையே முன்கூட்டி வகுத்து வைத்தல் வேண்டும்.

கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் திகதி முதல் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தின் பின் ஊரடங்குச் சட்டமும் வந்தது. இடையிடையே திறந்தும் மீண்டும் மூடியும் ஏறக்குறைய இருபது மாதங்கள் கழிந்தன. 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி சிறிய ஆரம்பப் பாடசாலைகள் முதலிலும், நவம்பரில் ஏனைய வகுப்புகளும் திறந்தன. இக்காலத்திற் பாடங்களைக் கைத்தொலைபேசி வழியே கொண்டுசேர்க்க ஆசிரியர் பெரிதும் முயன்றனர். பயிற்சித் தாள்களைச் சைக்கிளிற் கொண்டுபோய் வீடுதோறும் கொடுத்தோரும் உளர். ஆனால் அத்தாள்களிற் கணிதம் இருந்தது, தமிழ் இருந்தது, விஞ்ஞானம் இருந்தது, "இன்று அரைமணி நேரம் ஓடு" என்னும் ஒரு வரியை யான் கண்டிலேன்.

அதன் விளைவு பாடசாலை திறந்தபோது தெரிந்தது. மைதானத்தை ஒரு சுற்று ஓடிவர முன்னரே மூச்சு வாங்கி இடுப்பிற் கை வைத்து நின்றோர் பலர். காலைக் கூட்டத்தில் நிற்கமாட்டாது தள்ளாடினோரும், இரவெல்லாம் தொலைபேசி பார்த்து முதற் பாடத்திலேயே கண்ணயர்ந்தோரும் இருந்தனர். வயலில் தந்தையோடு நின்ற பிள்ளைகளின் உடல் உரம் கெடவில்லை என்பது உண்மையே. எனினும் உழைப்பு வேறு, விளையாட்டு வேறு. விளையாட்டிற் பிள்ளை தானாக ஓடுகின்றான், சிரிக்கின்றான், தோற்கவும் பழகுகின்றான். பெரிதும் இழந்தோர் மூவகையினர்: நகர்ப்புறத்துச் சிறு வீடுகளில் அடைபட்டோர், பரீட்சைக்கென மேசையோடு கட்டுண்டோர், வீட்டு வேலை தவிர வேறு அசைவுக்கு இடமளிக்கப்படாத பெண்பிள்ளைகள்.

வன்னியிலுள்ளோர்க்கு இடர் புதிதன்று. ஒருகாலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போன மண் இது. அந்நோய் ஒழிந்த நாடென இலங்கையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது 2016இலேதான். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து மரநிழலிற் பாடம் நடத்தினோம். 2009இற் செட்டிகுளத்து முகாம்களிலே கொட்டில்களிற் பள்ளி நடந்தது. அங்கும் கூடாரங்களுக்கிடையிற் பிள்ளைகள் பந்து உருட்டினர். ஒரு வேறுபாட்டை ஈண்டு நோக்குதல் வேண்டும். இடப்பெயர்வு பிள்ளைகளிடமிருந்து வீட்டைப் பறித்தது, தோழரைப் பறிக்கவில்லை. பெருந்தொற்றோ வீட்டை விட்டுவைத்தது, தோழரைப் பறித்தது. தோழரில்லாத பிள்ளை தானாக விளையாடுவான் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆகையால் அக்காலத்திற் பெரியோரின் வழிகாட்டல் முன்னிலும் மிகுதியாக வேண்டப்பட்டது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு நோக்கின? இங்கிலாந்தில் 2020 மார்ச் 23ஆம் திகதி மக்களை வீட்டில் இருக்குமாறு பணித்த அரசாங்கம், நாளுக்கொரு முறை தேகப்பயிற்சிக்காக வெளியே செல்ல இடமளித்தது. இலண்டனில் வாழும் நம் பழைய மாணவர் இதனை அறிவர். அதே நாளிலிருந்து ஜோ விக்ஸ் என்னும் பயிற்சியாளர் வார நாட்களிற் காலைதோறும் யூடியூப் வாயிலாகப் பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சி நடத்தினார். ஸ்பெயின் நாடோ தொடக்கத்திற் பிள்ளைகளை முற்றாக அடைத்தது. ஆறு வாரங்களின் பின், ஏப்ரில் 26ஆம் திகதி, பதினான்கு வயதுக்குட்பட்டோர் பெரியவர் ஒருவருடன் நாளுக்கு ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் உலவிவர அனுமதி வழங்கியது. 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல், ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி அறுபது நிமிட உடலியக்கம் வேண்டும் என்று கூறுகின்றது. மூச்சு விரையவும் உடல் வியர்க்கவும் செய்யும் இயக்கமே அது.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். தொற்றுக்கு அஞ்சும் காலத்தில் விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்பர். கூட்டமாக ஆடுதலை யானும் வேண்டேன். கிளித்தட்டும் உதைபந்தும் நோய் தணியும் வரை பொறுத்திருக்கலாம். ஆனால் முற்றத்திற் கயிறடிக்கத் தோழர் கூட்டம் வேண்டியதில்லை. மண்ணிற் கோடு கீறிக் கெந்தி விளையாட ஒரு தங்கை போதும். சூரிய நமஸ்காரத்துக்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். வேலிக்குள் இத்துணை விரிந்த வளவுகளை உடைய வன்னியிலே இடமில்லை என்று சொல்வோமாயின், மாடிவீட்டு அறைகளுள் அடைபட்ட மாநகரத்துப் பிள்ளைகள் என் செய்வர்?

இன்னொரு மறுப்பு பாடவிதானம் பற்றியது. இழந்த பாடங்களை முதலில் ஈடுசெய்வோம், பின்னர் விளையாடலாம் என்பது அதன் சாரம். 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்திலேயே நடைபெற்றது. அந்நெருக்கடியில் தேகாப்பியாச பாடவேளையைப் பிற பாட ஆசிரியர் கடன்வாங்கினர். அக்கடன் இன்றும் பல பாடசாலைகளில் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. ஓடிக் களைத்து உறங்கி எழுந்த பிள்ளை அரைமணியிற் கற்பதை, ஓடாத பிள்ளை ஒருமணி இருந்தும் கற்பதில்லை என்பது என் வகுப்பறை எனக்குக் காட்டிய உண்மை. உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்ட திருமூலர் மரபிலே வந்த நாம், மைதானத்தைப் பாடத்துக்குப் பகையாக எண்ணுதல் தகாது.

ஆகவே செய்யத்தக்கன சில கூறுவேன். முதலாவது, பாடசாலை எக்காரணத்தால் மூடப்படினும், பிள்ளைக்குச் செல்லும் பயிற்சித் தாளில் அன்றாட உடற்பயிற்சியும் ஒரு பாடமாக இடம்பெறல் வேண்டும். 2022இல் எரிபொருள் இன்மையாலும் பாடசாலைகள் மூடப்பட்டன. நாளை வெள்ளத்தாலும் மூடப்படலாம். இரண்டாவது, வெயிலேற முன்னும் வெயில் தாழ்ந்த பின்னும் நேரங் குறித்தல் வேண்டும். பங்குனி சித்திரை வெயிலில் நண்பகல் ஓட்டம் நன்மை தராது. மூன்றாவது, இடத்தைப் பெற்றாரே தெரிதல் வேண்டும். கட்டில்லாக் கிணறும், ஆழங் காணாக் குளமும், யானை நடமாடும் காட்டோரமும், கண்ணிவெடி அபாயக் குறியிட்ட காணியும் விலக்கத்தக்கன. நான்காவது, பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கப்படல் வேண்டும். ஐந்தாவது, வகுப்பாசிரியர் பிள்ளையோடு தொலைபேசியிற் பேசும்போது "கணக்குச் செய்தாயா?" என்று கேட்பதோடு, "இன்று ஓடினாயா?" என்றும் கேட்டல் வேண்டும். ஆசிரியர் கேட்பதையே பிள்ளை பெரிதென மதிக்கும்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. யூபிலி ஆண்டில் நினைவு வளைவுகளும் மண்டபங்களும் எழுப்ப நினைத்தல் இயல்பே. அவற்றைக் குறைகூறேன். ஆனால் ஒவ்வொரு மாணாக்கன் வீட்டிலும் ஒரு கயிறும், உடன்பிறந்தார் இருக்குமிடத்து ஒரு பந்தும் இருக்குமாறு செய்ய ஆகும் செலவு, வளைவொன்றுக்கு ஆகும் செலவின் ஒரு சிறு பங்கே. அக்கயிறும் பந்தும் இப்போதே வாங்கிக் கல்லூரியின் களஞ்சியத்தில் வைக்கப்படட்டும். பாடசாலை மூடும் நாளிற் பிள்ளைகள் வீடு செல்லும்போது புத்தகப் பொதியோடு அவையும் செல்லட்டும். அவை வாங்கும் பணியை மலர் வெளியீட்டு விழாவன்றே சங்கம் ஏற்குமாயின், அதனினும் சிறந்த யூபிலிக் கொடை ஒன்றை யான் அறியேன்.