சொல்லிலும் வேண்டும் கணக்கு

தவணை பிந்தியவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகையில் 'ஓவர்டியூ' என்றால், தொகை காலம் கடந்து நிற்கிறது என்று மட்டுமே பொருள். 'டிஃபால்டர்' என்றாலோ, அது மனிதர்மீது குத்தும் முத்திரை. அதனுடன் 'வில்ஃபுல்' சேர்ந்தால், வசதி இருந்தும் செலுத்தாதவர் என்னும் குற்றச்சாட்டாகும். ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, ரூ.25 லட்சமும் அதற்கு மேலும் நிலுவையுள்ள கணக்குகளில், உரிய விசாரணைக்குப் பின்னரே அப்பெயரைச் சூட்டலாம். ஒரு மாதத் தவணை பிந்தியவருக்கு எழுதும் கடிதத்தில் இச்சொற்களுக்கு இடமில்லை என்பதே எங்கள் கருத்து.

வாடிக்கையாளர்களும் இதனைக் கருதுதல் நன்று. கால நீட்டிப்புக் கோரும் கடிதத்தில் 'அனேபிள்' என்பது இயலாமையைக் குறிக்கும். 'அன்வில்லிங்' என்பது மனமின்மையைக் குறிக்கும். முன்னது பரிசீலனைக்கு வழிவிடும். பின்னது வழியை அடைத்துவிடும். 'டிமாண்ட் டிராஃப்ட்' என்பதில் 'டிமாண்ட்' வெறும் கேட்பே. 'ஐ டிமாண்ட்' என்று கடிதத்தைத் தொடங்கினாலோ அது அதட்டலாக ஒலிக்கும். 'ரிக்வெஸ்ட்' என்று எழுதுவதால் உங்கள் உரிமை எள்ளளவும் குறையாது.

கடிதம் கோப்பில் நிலைத்திருக்கும். நாளை அதனைப் படிப்பவர் உங்களை நேரில் அறியாத, வேறு மாநிலத்து அதிகாரியாகவும் இருக்கலாம். அவர் முன் உங்களுக்காகப் பேசுபவை நீங்கள் தேர்ந்த சொற்கள் மட்டுமே. தொகையை இருமுறை சரிபார்க்கும் நாம், சொல்லையும் ஒருமுறை சரிபார்ப்போம்.