இல்லப் பராமரிப்பு: புதைத்த குழாயில் தேங்கும் நீர்



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் இப்பகுதிக்குத் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: “வீட்டிலிருந்து கிணற்றடி மோட்டார் அறைக்கு மின்கம்பி செல்லும் குழாயில் தண்ணீர் நிறைந்துவிட்டது, அதை எவ்வாறு வெளியேற்றுவது?” வெளியேற்றுவது எளிது. ஆயினும் முதலில் கேட்க வேண்டியது வேறொன்று: அக்குழாயினுள் கிடக்கும் கம்பி, நீரில் கிடக்கத் தக்கதுதானா?

பசையிட்டு ஒட்டிய பி.வி.சி. குழாயில் நீர் புகாது என்று பலர் நம்புகின்றனர். இணைப்புகள் யாவும் செம்மையாக இருப்பினும், ஈரம் மிக்க வெப்பக் காற்று முனைகளின் வழியே உட்சென்று, குளிர்ந்த மண்ணிடையே துளித்துளியாய் நீராகிவிடும். எனவே, புதைத்த குழாய் எதுவாயினும் அது ஈரமானதென்றே கொள்ளல் வேண்டும். நம் ஊர்களிலோ சுவருக்குள் ஓடும் சாதாரணக் கம்பியையே மண்ணுக்குள்ளும் இழுத்துவிடுகின்றனர். அதிலும், நீளம் போதாமல் நடுவே முறுக்கி, டேப் சுற்றி, குழாய்க்குள் தள்ளிவிடுவோரை என்னென்பது! அவ்விணைப்பில் நீர் பட்டால், 230 வோல்ட் மின்சாரம் கசிந்து ஈரச் சுவரையோ இரும்புப் பெட்டியையோ அடையக்கூடும். வெறுங்காலுடன் கிணற்றடிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இது விளையாட்டுக் காரியமன்று.

ஆகவே, முதற்கண் மின்சாரத்தைத் துண்டியுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மெயின் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. இன்வெர்ட்டரையும் நிறுத்த வேண்டும். பின்னர் மின்பணியாளரைக் கொண்டு கம்பியின் இரு முனைகளையும் கழற்றி, ஒரு முனையில் நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையிலிருந்து கம்பியை இழுக்கச் செய்யுங்கள். கம்பி வெளிவரும்போது கயிறு அதன் இடத்தில் தங்கிவிடும். அதன் நடுவே பழைய பருத்தித் துணியை இறுகச் சுற்றி, முன்னும் பின்னுமாக இழுத்தால் நீரும் சேறும் வெளிவந்துவிடும். துணி குழாயில் சிக்குமளவு பெரிதாதல் கூடாது. நீரை உறிஞ்சும் வாக்குவம் கருவி கிடைத்தால் வேலை இன்னும் எளிது. கம்ப்ரசரால் காற்றை ஊதுவோர், மறுமுனைக்கு எதிரே எவரையும் நிற்க விடலாகாது.

மழையின்றியே சில நாட்களில் மீண்டும் நீர் நிறைந்தால், குழாயில் விரிசலோ, அருகே ஏதேனும் தண்ணீர்க் குழாயில் கசிவோ இருக்கலாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழாயின் மட்டத்திற்கு மேலே ஏறும் இடங்களிலோ, எத்தனை முறை இறைத்தாலும் பயனில்லை.

வெளியே எடுத்த கம்பியில் இணைப்போ வெடிப்போ காணப்பட்டால் அதை மறுபடியும் நுழைக்க வேண்டாம். நன்றாகத் தோன்றினாலும், மெக்கர் கருவியால் 500 வோல்ட்டில் சோதித்து, காப்புத்தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையாதிருப்பதை உறுதிசெய்யச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகளில், அதையும் அன்றே பொருத்திவிடலாம்.

செலவு செய்ய இயலுவோர் பழைய கம்பியை விடுத்து, மண்ணில் நேரடியாகப் புதைக்கத்தக்க, இரும்புக் கவசமிட்ட ஆர்மர்டு கேபிளை வாங்குவதே மேல். அதன் கவசத்தையும் எர்த்துடன் இணைத்தல் வேண்டும். ஏறத்தாழ இரண்டரை அடி ஆழத்தில் மணல் பரப்பி, அதன்மேல் கேபிளை இட்டு, மீண்டும் மணல் மூடி, ஒரு வரிசை செங்கல் அடுக்குங்கள். பின்னாளில் எவரேனும் அங்கே தோண்டினால், மண்வெட்டி முதலில் செங்கல்லில்தான் படும்.