போலி வேப் விற்பனைக்குப் புந்தோங்கிலிருந்து எங்கள் கண்டனம்

புந்தோங், ஈப்போ: பெயருள்ள தயாரிப்புகளின் பெட்டியையும் முத்திரையையும் நகலெடுத்து, மலிவு விலையில் போலி வேப் கருவிகளையும் திரவங்களையும் விற்பவர்களை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

வேப் தீங்கற்றது என்று வாதாட நாங்கள் வரவில்லை. நிக்கோட்டின் ஆளை அடிமையாக்கும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பது 2024 அக்டோபர் 1 முதல் நாடு முழுவதும் குற்றம். அந்தச் சட்டத்தை முழு மனத்தோடு ஆதரிக்கிறோம். ஆனால் பெரியவர்களுக்கு விற்கும் பொருளுக்கு ஒரு பொறுப்பாளி வேண்டாமா? எங்கள் கச்சாங் பூத்தே கம்பத்தில் வாங்கிய முறுக்கில் காறல் வாடை அடித்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று வாங்கியவருக்குத் தெரியும். போலி வேப்புக்குத் தட்டக் கதவே கிடையாது.

நகலெடுப்பவர் பார்ப்பது வெளித்தோற்றத்தை மட்டும்தான். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் சில்லு, மின்கசிவைத் தடுக்கும் சுற்று, பரிசோதித்த மின்கலம் ஆகியவை கண்ணில் படாதவை. ஆகவே செலவை அங்கேதான் குறைக்கிறார்கள். திரி காய்ந்த பிறகும் கம்பிச்சுருள் சூடேறிக்கொண்டே இருந்தால் ஆவியில் ஃபார்மால்டிஹைட் கலக்கிறது. அந்தச் சில்லை உருவாக்கப் பணமும் காலமும் செலவிட்டவருக்கோ போட்ட முதல்கூடத் திரும்புவதில்லை. அடுத்த மாதமே நகல் பாதி விலைக்கு வந்துவிடும் என்றால், பாதுகாப்பான அடுத்த கருவியைச் செய்ய யார் துணிவார்?

வரிக் கணக்கையும் பார்ப்போம். நிக்கோட்டின் திரவத்துக்கு 2023 ஏப்ரல் முதல் ஒரு மில்லிலிட்டருக்கு 40 சென் கலால் வரி. 30 மில்லிலிட்டர் புட்டிக்கு வரி மட்டும் 12 ரிங்கிட். வரியும் கட்டாமல், சோதனையும் செய்யாமல் வரும் புட்டியோடு நேர்மையான கடைக்காரர் எப்படிப் போட்டி போடுவார்?

அமெரிக்காவில் 2019-இல் நடந்ததை மறக்கலாகாது. கஞ்சாச் சத்துள்ள கள்ளச்சந்தை வேப் குப்பிகளில் வைட்டமின் ஈ அசிடேட் கலந்திருந்தது. நுரையீரல் பாதிப்பால் 2800-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். 68 பேர் இறந்தார்கள். அதிகம் பேசப்பட்ட ‘டாங்க் வேப்ஸ்’ என்ற பெயருக்குப் பின்னால் ஒரு நிறுவனமே இல்லை. வெற்றுப் பெட்டிகள் விலைக்குக் கிடைத்தன. யார் வேண்டுமானாலும் எதையும் நிரப்பினார்கள்.

நம் நாட்டில் 2022 ஆகஸ்ட் முதல் வேப் கருவிக்குச் சிரிம் (SIRIM) தரச் சான்று கட்டாயம். 2019 வணிகச் சின்னச் சட்டப்படி, பிறர் சின்னத்தைப் போலியாக உருவாக்கினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. சட்டம் இருக்கிறது, சோதனைதான் போதவில்லை. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகள் சிரிம் ஒட்டுவில்லையைப் பார்த்ததோடு திரும்பிவிடக் கூடாது. கருவியைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். சில்லறைக் கடையோடு நிற்காமல், சரக்கு இறக்கும் மொத்த வியாபாரி வரை போக வேண்டும்.

சந்தேகமான பொருளை வாங்கியவர்கள் பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். புகார் மனுவை நாங்களே எழுதித் தருகிறோம்.

இவண்,
சங்கச் செயலவையினர்