எதிர்க்காற்று என்னும் ஏமாற்று

“காற்று உன் முகத்தில் அடித்தால் போதும், மானுக்கு உன் வாடை போகாது.” அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மகனை முதன்முதலாக வேட்டைக்கு அழைத்துப் போகும் தகப்பன் சொல்லித்தரும் பாடம் இது. தாத்தா காலத்தில் எச்சில் தொட்ட விரலை உயர்த்திக் காற்றின் திசை பார்த்தார்கள். இன்று கைப்பேசிச் செயலி ஓர் அம்புக்குறி காட்டுகிறது. கருவி மாறினாலும் நம்பிக்கை மாறவில்லை. திறந்த வயல்வெளியில், நிலையான காற்று வீசும் நாளில் இந்தப் பாடம் பலிக்கும். ஓடையோ ஆறோ ஏரியோ பக்கத்தில் இருந்தால் கைவிட்டுவிடும். ஆனால் வேட்டைக்காரர்கள் தேடிப்போய்ப் பரண் கட்டுவது பெரும்பாலும் அந்த நீரோரத்தில்தான்!

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். விஸ்கான்சினில் அது அரசே உரிமம் கொடுத்து முறைப்படுத்தும் காரியம். அங்கே வெள்ளைவால் மான்தான் மாநில வனவிலங்கு. செப்டம்பர் நடுவில் வில்வேட்டைப் பருவம் தொடங்குகிறது. நவம்பர் பிற்பகுதியில் வரும் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காட்டில் இறங்குகிறார்கள். இத்தனை பேர் கைக்கொள்ளும் ஒரு விதி தவறாக இருந்தால், அதன் விலையும் பெரிதாகத்தான் இருக்கும்.

செயலியின் அம்புக்குறி எங்கிருந்து வருகிறது? வானிலை நிலையங்கள் காற்றை அளப்பது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், தடையில்லாத வெட்டவெளியில். பல நிலையங்கள் விமானநிலையங்களில் இருக்கின்றன. அமெரிக்க அரசின் மிக நுணுக்கமான முன்கணிப்பு மாதிரிகளில் ஒன்றே நாட்டை 3 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடுகிறது. மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில் லா கிராஸ் நகரைச் சுற்றியுள்ள குன்றுப் பகுதியைப் பாருங்கள். பனியுகத்தின் பனிப்பாறைகள் தேய்த்துச் சமன்படுத்தாமல் விட்ட நிலம் அது. நகரை ஒட்டி நிற்கும் கிராண்டாட் குன்று மட்டும் ஏறத்தாழ 180 மீட்டர் உயரம். இரண்டு குன்றுகளும் நடுவில் ஓர் ஓடையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஓடையோரம் மானின் மூக்கு உயரத்தில், ஒரு மீட்டர் மட்டத்தில், காற்று எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அந்த அம்புக்குறி அறியாது.

நீரோரக் காற்றுக்குத் தனிச் சட்டம் உண்டு. அதன் அடிப்படை, பள்ளிக்கூடத்தில் கடற்காற்று, நிலக்காற்று என்று எல்லோரும் படித்ததுதான். நிலம் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறும். நீர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். பகலில் வெயில் பட்ட சரிவை ஒட்டிய காற்று சூடாகி மேலேறுகிறது. வெயில் விலகியதும் அதே சரிவின் காற்று குளிர்ந்து கனத்து, பள்ளம் பார்த்து இறங்குகிறது. பள்ளத்தின் அடியில் ஓடை. ஆக, மாலையிலும் இரவிலும் விடியலுக்கு முன்னும் சரிவில் இருக்கும் எவர் வாடையும் ஓடையில் போய்ச் சேர்கிறது. மேலே எந்தத் திசைக் காற்று அடித்தாலும், அது மெலிந்திருக்கும் வரை, கீழே ஆட்சி செய்வது இந்த இறக்கக் காற்றுதான்.

நவம்பர் பிற்பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓடை தெற்கு நோக்கி ஓடுகிறது. அதன் மேற்குக் கரைச் சரிவில், ஆறு மீட்டர் உயர மரப்பரணில் வேட்டைக்காரர் ஓடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கிழக்கிலிருந்து இளங்காற்று வந்து முகத்தில் படுகிறது. செயலியும் அதையே சொல்கிறது. அவருக்கு முழு நிம்மதி. ஆனால் அது கிழக்குப் பார்த்த சரிவு. சூரியன் மறைவது 4.30 மணி அளவில் என்றாலும், முகடு மறைப்பதால் இந்தச் சரிவில் அதற்கு வெகுமுன்பே நிழல் விழுந்துவிடுகிறது. கிழக்குக் காற்று ஓய ஓய, அவர் முதுகுப் பக்கத்துச் சரிவிலிருந்து குளிர்காற்று தரையோடு தரையாக வழிந்து ஓடைக்கு இறங்குகிறது. அவர் வாடையும் கூடவே போகிறது. மான்கள் வெளியே வரும் நேரமும் அதுவே. ஓடைக்கு அந்தப் புறம் ஒரு பெண்மான் தலையைத் தூக்குகிறது, முன்காலால் தரையை உதைக்கிறது, மூக்கால் உரக்கச் சீறுகிறது. வெள்ளைவால் கொடிபோல் உயர்கிறது. அடுத்த நொடி அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மான்கூட இல்லை. “இன்றைக்கு மான் நடமாட்டமே சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு அவர் இறங்குகிறார். நடமாட்டம் நன்றாகத்தான் இருந்தது. இடம்தான் தவறு.

“காற்று எப்போதும் நீரைத் தேடிப் போகும் என்று எங்களுக்கும் தெரியும்” என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அந்த “எப்போதும்” இன்னொரு பிழை: பகல் வெயிலில் சரிவுக் காற்று மேலேறுகிறது; நீரைச் சேர்ந்த காற்றும் எல்லா நாளும் ஒரே வழியில் போவதில்லை.

இந்தக் குன்றுப் பகுதியின் பல ஓடைகள் ஊற்றுநீரால் ஓடுபவை. நிலத்தடியிலிருந்து வரும் அந்த நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 9 அல்லது 10 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுரக்கிறது. செப்டம்பரின் கதகதப்பான மாலையில் ஓடை, காற்றைவிடக் குளிர்ச்சி. அதன்மேல் படிந்த காற்று குளிர்ந்து, ஓடைப்படுகையோடு நீர் போகும் திசையிலேயே நழுவுகிறது. அப்போது வாடை ஓடைக்கு வந்து, அங்கிருந்து கீழ்நோக்கி வெகுதூரம் போகும். நவம்பர் காலையில் கணக்குத் தலைகீழ். காற்று உறைநிலைக்குக் கீழே. ஓடை அதைவிட வெதுவெதுப்பு. நீர்ப்பரப்பில் ஆவி எழுவது கண்ணுக்கே தெரியும். நீரின்மேல் காற்று ஏற, அந்த இடத்தை நிரப்ப இரு கரையிலிருந்தும் காற்று உள்ளே வருகிறது. கரையில் இருப்பவரின் வாடை நீர்வரை போய், அங்கே மேலெழும்பிக் கலைகிறது. ஒரே ஓடை, ஒரே பரண். ஆனால் செப்டம்பர் மாலையில் காட்டிக்கொடுத்த இடம் நவம்பர் காலையில் காப்பாற்றக்கூடும். மாதமும் மணியும் சேர்க்காத காற்று விதி எதுவும் நீரோரத்தில் விதியே அல்ல.

பலத்த காற்று இந்த நுண்ணோட்டங்களையெல்லாம் அடித்துக்கொண்டு போகும் என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பலத்த காற்றும் நீரோரத்தில் நேராக வீசுவதில்லை. வழுவழுப்பான நீர்ப்பரப்பில் தடையின்றி வேகம் பிடிக்கும் காற்று, கரை மரங்களில் மோதிச் சுழல்கிறது. குறுகிய பள்ளத்தாக்கில் நுழைந்தால் ஆற்றின் போக்கிலேயே திரும்பிவிடுகிறது. முகட்டைத் தாண்டிய காற்று மறுபுறச் சரிவில் சுருண்டு, வந்த திசைக்கே திரும்புவதும் உண்டு. முகட்டில் மேற்குக் காற்று, கீழே ஓடையில் கிழக்குக் காற்று என்பது அங்கே அதிசயமல்ல.

இத்தனையையும் ஒரு புட்டியில் அடைத்துத் தீர்த்துவிடலாம் என்கிறது சந்தை. வாடை நீக்கும் தெளிப்பான், ஓசோன் கருவி, கரி பதித்த உடை என்று வியாபாரம் நடக்கிறது. அமெரிக்க வனவிலங்கு ஆய்வாளர் ஜான் ஷிவிக் 2002இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். கரியுடை அணிந்தவர்களையும் சாதாரண உடை அணிந்தவர்களையும் ஒளிந்திருக்கச் செய்து, தேடல் நாய்களை ஏவிப் பார்த்த சோதனை அது. கரியுடை நாய்களை ஏமாற்றவில்லை. மூச்சிலும் தோலிலும் முடியிலும் ஓயாமல் வாடை விட்டுக்கொண்டிருக்கும் உடம்பை எந்தத் துணியும் மூடி முத்திரை வைக்க முடியாது. வாடை போகும் வழியை அறிவதுதான் வழி.

அதை அறியக் காசு தேவையில்லை. அங்கே வயலோரங்களில் தானாக வளரும் மில்க்வீட் என்னும் செடி, நம்மூர் எருக்கின் உறவு. அதன் காய் வெடித்தால் எருக்கம்பஞ்சைப் போலவே பட்டுப் பஞ்சோடு விதைகள் பறக்கும். இரண்டாம் உலகப்போரின்போது உயிர்காப்பு உடைகளுக்குள் அடைக்க அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகச் சேகரித்த பஞ்சு இதுதான். கையிலிருந்து ஓர் இழையை விட்டால், முகத்தில் படும் காற்றோடு முதலில் பின்னால் போகும். பத்தடி போனதும் தயங்கும். பிறகு தாழ்ந்து, மரத்தைச் சுற்றி வந்து, காலுக்குக் கீழே ஓடையை நோக்கி நகரத் தொடங்கும். காற்றின் திசை அறியப் பொடி தூவிப் பார்ப்பவர்களுக்கு முதல் இரண்டு மூன்று அடிதான் தெரியும். பஞ்சு முழுப் பயணத்தையும் காட்டும்.

இது வெறும் வெற்றி தோல்விக் கணக்கல்ல. வாடை பிடித்து மிரண்ட மானை நோக்கி அவசரத்தில் விடும் அம்பும் குண்டும் அதைக் கொல்லாமல் காயப்படுத்திவிடும் ஆபத்து அதிகம். காயம்பட்ட விலங்கு ஓடி ஒளிந்து நாள்கணக்கில் துன்புறும். விஸ்கான்சினில் 2002ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட, மான்களைத் தாக்கும் மூளை நலிவு நோய்க்கு மருந்தும் இல்லை. அந்த நோய் பரவுவதைக் குறைக்க, மந்தையின் அளவைக் கட்டுக்குள் வைக்க மாநிலம் வேட்டைக்காரர்களைத்தான் நம்பியிருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்றவர்கள் அரைகுறை விதியோடு காட்டுக்குப் போவது முறையல்ல.

1973ஆம் ஆண்டு சனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமம் பெற அங்கே வேட்டைப் பயிற்சிச் சான்று வேண்டும். அந்தப் பயிற்சியில் ஒரு மாலை நேரமாவது ஓடைக்கரையில், கையில் பஞ்சோடு நடக்கட்டும். தகப்பன்மாரும் பழைய பாடத்தைத் திருத்திச் சொல்லித்தர வேண்டும்: மரமேறும் முன் பஞ்சைப் பறக்கவிடு, வெயில் விலகியதும் மறுபடி பறக்கவிடு, மான் வரும் வழிக்கு அது போகிறது என்றால் முகத்தில் எந்தக் காற்று அடித்தாலும் இறங்கி வீட்டுக்குப் போ.