பட்டாம்பூச்சிக்கு மட்டும்தான் பாராட்டா?



ஓவியப் போட்டி என்றால் நம்மில் பாதிப் பேர் பட்டாம்பூச்சிதான் வரைகிறோம். யாராவது சிலந்தி வரைந்ததுண்டா? 2019-ல் தமிழ் மறவன் என்ற பட்டாம்பூச்சியை நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். சிலந்திக்குக் கிடைப்பது ஒட்டடைக் கம்புதான். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் பள்ளித் தோட்டத்துக் கறிவேப்பிலைச் செடியையே எடுத்துக்குவோம். அதைச் சுற்றிப் பறக்கிறதே, கறுப்பில் மஞ்சள் புள்ளி போட்டது, அதற்கு எலுமிச்சைப் பட்டாம்பூச்சி என்று பெயர். பின் இறக்கையில் சிவப்புப் பொட்டு இருக்கும். அழகுதான், இல்லேன்னு சொல்லலை. ஆனால் அது கறிவேப்பிலை, எலுமிச்சைக் கொழுந்தில்தான் முட்டை வைக்கும். புழு சின்னதாக இருக்கும்போது காக்கா எச்சம் மாதிரியே இருக்கும். அப்புறம் பச்சையாகி இலையோடு இலையாக ஒளிந்துகொள்ளும். தொட்டால் தலைப்பக்கம் இருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும், நாத்தம் வேறு! செடியை மொட்டையடிப்பது இதுதான்.

பக்கத்து வேலியில் இருக்கிற சிலந்தியையும் பாருங்கள். எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறி போலத் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். வலையிலும் வெள்ளை நூலால் அதே குறியை வளைத்து வளைத்துப் போட்டிருக்கும். அதனால் கையெழுத்துச் சிலந்தி என்கிறார்கள். பூச்சியைக் கவர என்று சிலரும், பறவை மோதாமல் இருக்க என்று சிலரும் காரணம் சொல்கிறார்கள். நாம் பார்ப்பது பெண் சிலந்தி. ஆண் ரொம்பப் பொடிசு. ஈ, வெட்டுக்கிளி மாட்டினால் நூலால் சுற்றிவிடும். பட்டாம்பூச்சி மாட்டினால் சில சமயம் இறக்கைப் பொடி மட்டும் வலையில் ஒட்டும், அது நழுவிப் போய்விடும். (எட்டுக்கால் பூச்சி என்று சொல்வதே தப்பு. பூச்சிக்கு ஆறு கால்தான்.)

சிலந்தி எச்சில் பட்டால் அக்கி வரும் என்று எங்க பாட்டி சொல்லும். அக்கி வருவது வைரஸ் கிருமியால். அம்மை போட்டவர்கள் உடம்பிலேயே தங்கியிருந்து பின்னால் வருவது அது. பாவம், பழி சிலந்திக்கு.

வகுப்பறையில் ஒட்டடை அடிக்க வேண்டியதுதான், வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனால் அதே கம்போடு தோட்டத்துக்குப் போய் வேலி வலையையும் சுருட்டுகிறோமே, அது எதற்கு? வெள்ளிக்கிழமை தோட்டம் சுத்தம் செய்கிற குழு, கறிவேப்பிலைப் பக்கத்து வலையை மட்டுமாவது விட்டுவிடுங்கள். புழுவையும் நசுக்க வேண்டாம், செடி மறுபடி துளிர்த்துக்கும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி